நினைக்காத வீட்டுத் துணி

முதலில் வந்தது ரபியாக்காவின் அரக்குச் சேலைத் துண்டு. அன்று வியாழக்கிழமை, எங்கள் லைன் வீட்டுக்குத் தண்ணீர் வரும் நாள், குழாயடியில் குடங்கள் ஒன்றோடொன்று முட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, நான் கதவோரம் காலை நீட்டி உட்கார்ந்து போர்வை தைத்துக்கொண்டிருந்தேன், கை போர்வையில் இருந்தது, மனது கேஸ் சிலிண்டரில் இருந்தது, இன்னும் எத்தனை நாளைக்கு வரும், பதிந்தால் எப்போது கொண்டுவருவான், வரும் நேரத்தில் நான் கடைக்குப் போயிருந்தால் திருப்பி எடுத்துப் போய்விடுவானா என்று அதே மூன்று கேள்விகளைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். குனிந்து பார்த்தபோது மஞ்சள் பனியன் துண்டுக்கும் நீலப் பனியன் துண்டுக்கும் நடுவில் வெள்ளிப் பொட்டு வைத்த அரக்குத் துண்டு ஒன்று இருந்தது. என் நூல், என் தையல். நான் வெட்டாத துணி.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் பிட்டுத் துணியை மூட்டையாக வாங்கி, ஒரு சாண் சதுரமாக நறுக்கி, பழைய சேலையை அடியில் விரித்து, மேலே வரிசை வரிசையாக வைத்துக் கையால் தைத்தால் ஒரு போர்வை. ஒரு போர்வைக்குப் பதினைந்து வரிசை. என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து காணாமல் போன பிறகு எனக்கு எதிலும் மனது நிற்பதில்லை, குக்கர் எத்தனை விசில் என்று தெரியாது, ரசத்தில் உப்பு இரண்டு முறை விழும், பேப்பரில் ஒரே வரியை நாலு தடவை படிப்பேன், ஆனால் போர்வை மட்டும் ஓடும். நினைத்துத் தைத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு வரிசை, நினைக்காமல் தைத்தால் நாலு வரிசை.

ரபியாக்கா இரண்டு வீடு தள்ளி இருப்பவர், தோசை மாவு ஆட்டி விற்பவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். துண்டைப் பார்த்ததும் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, அடியில் இருந்த அரக்குச் சேலையை எடுத்து உதறினார். நட்டநடுவில் ஒரு சாண் சதுரத்துக்கு ஓட்டை இருந்தது. போர்வையை அதன் மேல் வைத்துப் பார்த்தோம், பொட்டுக்குப் பொட்டு பொருந்தியது.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பனே துளசி, முந்தானைப் பக்கமா வெட்டியிருக்கலாம்" என்றார், அவ்வளவுதான், பிறகு அந்தச் சேலையை நடுவில் கிழித்து மாவு மூடும் துணியாக்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு போர்வைக்கு ஒன்றாவது வந்தது. கண்டக்டர் சுந்தரராஜின் காக்கிப் பேண்டிலிருந்து வந்தது, அவர் அப்போது தாராபுரம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார், துண்டு சூடாக இருந்தது, அவர் அன்று முழுவதும் பையைப் பின்பக்கம் பிடித்துக்கொண்டே வேலை பார்த்ததாக அவர் மனைவி வளர்மதி வந்து சொன்னாள். கொடியில் காய்ந்தால் ஈரமாக வரும், பெட்டியில் இருந்தால் பாச்சை உருண்டை வாசனையோடு வரும், உடம்பில் இருந்தால் சூட்டோடு வரும். வந்த பிறகும் அது தன் துணியை விடாது. மிச்சத் துணியை நனைத்தால் இங்கே போர்வையில் துண்டும் நனையும், அங்கே காய்ந்தால் இங்கேயும் காயும். போர்வை வாங்கிப் போனவர்கள் இரண்டொருவர் வந்து படுக்கையில் ஈரம் என்று குறைப்பட்டுக்கொண்டார்கள், விஷயத்தைச் சொன்னதும் அப்படியா என்று கேட்டுக்கொண்டு, எங்கள் லைன் வீட்டில் என்றைக்குத் துவைப்பார்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு எட்டுக் குடித்தனமும் பேசி வைத்து, வெயில் ஏறுவதற்குள் துவைத்து முடித்துவிடுவது என்று வழக்கமாயிற்று, யாருக்கோ படுக்க வேண்டுமே, பாவம்.

எந்தத் துணி வரும், எது வராது என்பதைக் கண்டுபிடித்தவர் ரபியாக்கா. துண்டு வந்த வீட்டுக்கெல்லாம் போய், துளசி உங்களைப் பற்றிக் கடைசியாக எப்போது விசாரித்தாள் என்று கேட்டிருக்கிறார். யாருக்கும் நினைவில்லை. எனக்கும் நினைவில்லை. யாரை என் மனது சுத்தமாக விட்டுவிட்டதோ அவர்கள் வீட்டிலிருந்துதான் துணி வருகிறது என்று குழாயடியில் வைத்து அவர் சொன்னபோது, ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை. வளர்மதிக்கு மட்டும் முகம் சுருங்கிவிட்டது.

"அப்ப எங்கூட்டுக்காரர் பேண்டு வந்துச்சுன்னா, எங்கள நீங்க நெனைக்கறதே இல்லைன்னுதானுங்க்கா அர்த்தம்?"

மறுநாளிலிருந்து வளர்மதி கம்பெனிக்குப் போகும்போது என் கதவைத் தட்டி, அக்கா நான் வளர்மதி போயிட்டு வர்றேனுங்க என்று சொல்லிவிட்டுப் போனாள், அவளைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள், வீட்டு ஓனர் தன் வெள்ளை வேட்டி ஒன்றில் துண்டு போன பிறகு வாரம் ஒருமுறை வந்து நலம் விசாரித்துவிட்டுப் போனார், வாடகை வாங்க வந்தால்கூட அதற்கு முன் அவர் என் பெயரைச் சொன்னதில்லை. வேறு சிலர் என் கண்ணிலேயே படாமல் நடந்தார்கள், நைந்த சேலையைப் பெட்டியில் மேலாக வைத்துவிட்டுத் துண்டு போய்விட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், போர்வையில் தங்கள் துண்டு ஒன்று இருந்தால் வீட்டில் காய்ச்சல் தங்காது என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.

ரபியாக்காவும் ஒன்றுக்குக் காத்திருந்தார். அவர் வீட்டுக்காரர் பாய் இறந்து பதினாறு வருடம், அவருடைய ஒரு சட்டையை மட்டும் கற்பூரம் போட்டு வைத்திருக்கிறார். பாயை நான் இரண்டு தடவைகூடப் பார்த்ததில்லை, அவரை நினைக்க எனக்கு வேலையே இல்லை, அப்படிப் பார்த்தால் முதலில் வந்திருக்க வேண்டியது அந்தச் சட்டைதான். ஒவ்வொரு போர்வை முடியும்போதும் அக்கா வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போவார். நாற்பது போர்வைக்குப் பிறகு, எறந்து போனவங்க துணி வர்றதில்ல துளசி என்றார். குழாயடியில் அதையும் எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள்.

அந்தக் கார்த்திகை மாதத்தில்தான் என் மகள் பிரதீபாவுக்கு அவிநாசிப் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. தையில் கல்யாணம். மார்கழி பிறந்துவிட்டால் நல்ல காரியம் தொடங்க மாட்டார்கள், அதற்குள் பத்திரிகையை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். பெண்ணின் அப்பா பெயருக்கு முன்னால் திரு என்று போடுவதா தெய்வத்திரு என்று போடுவதா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள், எதுவானாலும் தங்களுக்குச் சம்மதம், ஆனால் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுங்கள் என்றார்கள்.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மூன்று இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனவர் அவர். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சைக்கிள் கம்பெனி வாசலில் பூட்டி நின்றது, ஆள் உள்ளே போகவில்லை. சண்டை இல்லை, சீக்கு இல்லை, ஒருவரோடும் பகை இல்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தோம், மூன்று ஜோசியர்கள் மூன்று திசை சொன்னார்கள். முதல் வருடம் அழுதேன், இரண்டாம் வருடம் கோபப்பட்டேன், அதற்குப் பிறகு பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்குமே, அந்த மாதிரி இருந்தது.

அவருடைய அண்ணன் ராக்கியப்பன் மாமா வந்து நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். கெட்டவர் இல்லை. தம்பியைத் தேடிச் சூரத் வரைக்கும் போய் வந்தவர்.

"ஏழு வருசம் ஆச்சு அம்மிணி. ஒரு பொம்மையச் செஞ்சு வெச்சுக் கருமாதிய முடிச்சறலாம். தாரை வாக்கறத நானும் உங்கக்காளும் பாத்துக்கறோம். நீ கொஞ்சம் பின்னால நின்னுக்க."

பின்னால் என்றால் மண்டபத்தில் தூண் பக்கம், பூ இல்லாமல். என் மகளின் கையை எடுத்து மாமாவும் அவர் மனைவியும் கொடுக்க, நான் எட்டிப் பார்க்க வேண்டும். பிரதீபா உள்ளேயிருந்து வந்து, அப்பா இருந்தாலும் இல்லாவிட்டாலும் அம்மா முன்னால்தான் நிற்கும் என்றாள். மாமா கோபப்படவில்லை. இருக்கறான்னு ஒரு அத்தாட்சி இருந்தா நானே முன்னால நிறுத்திப் போடறேன் சாமி என்றார்.

அத்தாட்சி எங்கே கிடைக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அன்று சாயங்காலமே பிரதீபா ஒரு மூட்டை பிட்டுத் துணியை இறக்கி என் முன்னால் வைத்தாள், எனக்குக் கல்யாணத்துக்கு ஒரு போர்வை வேண்டும் என்றாள்.

அவர் துணி இதுவரை வரவில்லை. உயிரோடு இல்லாததால் வரவில்லையா, நான் நினைத்துக்கொண்டே இருந்ததால் வரவில்லையா, அதுதான் தெரியவில்லை. மார்கழி பிறக்கப் பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளில் நான் அவரை நினைக்காமல் இருக்க வேண்டும்.

லைன் வீடு முழுவதும் அதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டது. காலையில் வளர்மதி வந்து மாமியாரைப் பற்றிச் சொல்வாள், பாதி பொய், எனக்கும் தெரியும், கேட்டுக்கொண்டே தைப்பேன். கண்டக்டர் சுந்தரராஜ் பஸ்ஸில் நடந்த சண்டைகளைச் சொல்வார். வீட்டு ஓனர் செப்டிக் டேங்க் விஷயமாக ஒரு பயத்தைக் கிளப்பிவிட்டுப் போனார். ரபியாக்கா மாவைப் புளிக்கவிட்டு எடுத்து வந்து, இதை என்ன செய்யலாம் என்று என்னிடம் யோசனை கேட்டார், முப்பது வருடமாக மாவு ஆட்டுகிறவர். எல்லாரும் எழுந்து போகும்போது வாசலில் நின்று, அவர நெனைக்காதீங்கக்கா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள், அதோடு போயிற்று. ஏழு வரிசை தைத்தேன். வீட்டு ஓனரின் சித்தப்பா பனியன் வந்தது, பால்காரரின் தலைத்துண்டு வந்தது, எங்கள் தெரு முனைப் பள்ளிக்கூடத்து டீச்சரின் ஜாக்கெட் வந்தது. அவருடையது வரவில்லை. பத்தில் ஆறு நாள் போய்விட்டது. ராக்கியப்பன் மாமா ஐயரிடம் கருமாதிக்கு நாள் கேட்டுவிட்டதாகச் சொல்லி அனுப்பினார்.

ஏழாம் நாள் தாம்பூலப் பை வந்தது. சொந்தக்காரப் பையன் ஒருவன் பை தைக்கும் யூனிட் வைத்திருக்கிறான், சல்லிசாகச் செய்து தருகிறேன் என்று ஐந்நூறு பை தைத்து அனுப்பியிருந்தான், மணமக்கள் பெயர் போட்டு, பச்சை நாடா வைத்து, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நான் ஒரு தேங்காயை எடுத்து உள்ளே விட்டேன். போகவில்லை. இன்னொரு தேங்காய், அதுவும் வாயில் நின்றது. மட்டை உரித்து, குடுமியைச் சிரைத்து, சாய்த்து, திருப்பி, எப்படிப் போட்டாலும் தேங்காய் உள்ளே போகாத ஐந்நூறு பை.

எனக்கு அதற்குப் பிறகு வேறு ஒன்றும் தெரியவில்லை. பக்கவாட்டைப் பிரித்துப் பட்டை வைத்துத் தைக்கலாமா, தைத்தால் பெயர் நடுவில் நிற்குமா, தேங்காய்க்குப் பதில் ஆரஞ்சு போட்டால் சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்கள், பொள்ளாச்சியில் சின்னத் தேங்காய் கிடைக்குமா, சின்னத் தேங்காய் கொடுத்தால் கஞ்சம் என்று பேசுவார்களா. மூன்று நாள் நான் அதிலேயே இருந்தேன். சாப்பிடும்போது தேங்காய், குளிக்கும்போது பை. கை மட்டும் பிரதீபாவின் போர்வையைத் தைத்துக்கொண்டே போயிற்று, வருகிறவர்களிடமெல்லாம் பையைக் காட்டினேன், அவர்களும் ஆளுக்கொரு தேங்காய் கொண்டுவந்து விட்டுப் பார்த்தார்கள், வாசலில் தேங்காய் குவிந்தது, ஒருவருக்கும் அவர் பெயரைச் சொல்ல வாய்க்கவில்லை.

பத்தாம் நாள் மத்தியானம் பதினைந்தாம் வரிசை முடிந்தது. நூலைக் கடித்து எடுக்கக் குனிந்தபோது வாசனை வந்தது. கொள்ளு ஊறவைத்த தண்ணீரின் வாசனை. அவருடைய வேர்வை அப்படித்தான் இருக்கும், இருபது வருடம் துவைத்த கை எனக்கு. வெளிர்நீலத்தில் மெல்லிய கோடு போட்ட சட்டைத் துணி, நான் பார்த்தே இராத சட்டை, கீழ் ஓரம், பேண்டுக்குள் செருகும் பகுதி. சூடாக இருந்தது. எங்கேயோ அந்த நிமிடம் அவர் அதைப் போட்டுக்கொண்டு நின்றார், அல்லது உட்கார்ந்திருந்தார்.

கையை அதன் மேல் வைத்தேன். அழுகை வரும் என்று பார்த்தேன். தேங்காய்க்கு என்ன செய்வது என்றுதான் வந்தது.

அதன் பிறகுதான் ஓரத்து மடிப்பைப் பார்த்தேன். மிஷின் தையல் விட்டுப்போன இடத்தில் யாரோ கையால் மடித்துத் தைத்திருந்தார்கள். அவர் துணி வெட்டுவார், ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. டெய்லர் வேலையும் இல்லை, டெய்லர் என்றால் மிஷினில் ஓட்டிவிடுவான். பொடிப்பொடியான தையல், ஒன்று போல, வெளிப்பக்கம் நூல் தெரியாமல், பொறுமையாகத் தைத்த தையல்.

ரபியாக்காவைக் கூப்பிட்டேன். அவர் துண்டை முகர்ந்து பார்க்கவில்லை, நேராக மடிப்பைத்தான் பார்த்தார், விரலால் ஒருமுறை நீவினார்.

"தையல் நல்லாருக்கு" என்றார்.

"ஆமாங்க்கா."

"யார்கிட்டயும் சொல்லாத. துண்டு வந்துச்சு, அது போதும்."

சொல்லவில்லை. ராக்கியப்பன் மாமா வந்து துண்டை மூக்கருகில் வைத்தவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார், இருக்கறான், எந்தம்பி இருக்கறான் என்று இரண்டு முறை சொன்னார், தோள் துண்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லைன் வீட்டில் அன்று எல்லாரும் தேங்காய்ப் பாயசம் வைத்தார்கள், குவிந்த தேங்காய்க்கும் ஒரு வழி பிறந்தது. பத்திரிகையில் திரு. நாச்சிமுத்து என்று அச்சாயிற்று. பிரதீபா மட்டும் எல்லாரும் போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"அப்ப நீ அப்பாவ மறந்துட்டியாம்மா?"

"மூணு நாள்."

"எதனால?"

"பையில தேங்காய் போகல."

அவள் கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள்.

கல்யாணம் தை மூன்றாம் வாரம், காலை ஆறு மணி முகூர்த்தம். நான் பச்சைப் பட்டு கட்டி, தலை நிறையப் பூ வைத்து மணவறையில் நின்றேன். ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால் ஆளின் துணி இருந்தால் போதும் என்று சடங்கு செய்துவைக்கும் அருமைக்காரர் முன்பே சொல்லியிருந்தார். என் பக்கத்துப் பலகையில் போர்வையை மடித்து, அந்த நீலத் துண்டு மேலே வரும்படி வைத்தோம். அதற்கு ஒரு மாலை போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக வந்து எனக்கும் போர்வைக்கும் வணக்கம் சொன்னார்கள், மாப்பிள்ளையின் தாய்மாமன் சம்பந்தியைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று என்னிடம் சொன்னார். நாதஸ்வரக்காரர்கள் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு வாசித்தார்கள்.

தாரை வார்க்கும் நேரம் வந்தது. பிரதீபாவின் கையைப் போர்வை மேல் வைத்து, அவள் கைமேல் என் கையை வைக்கச் சொன்னார் அருமைக்காரர். வைத்தேன். துண்டு சில்லென்றிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம் கருநீலமானது, ஓரத்தில் நுரை கிளம்பியது, மாலையில் இருந்த ரோஜா ஒன்று நனைந்து சரிந்தது.

"என்னம்மிணி, ஈரமாகுது?" என்றார் அருமைக்காரர்.

"துவைக்கறாங்க" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு நுரை அடங்கும்வரை நிறுத்தி வைத்தார். மேளமும் நின்றது. மண்டபத்தில் எல்லாரும் பொறுமையாக இருந்தார்கள், துவைக்கிற நேரம் அப்படித்தான். ரபியாக்கா முன்வரிசையில் உட்கார்ந்து தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரதீபா என் கைக்கு அடியில் இருந்த தன் விரல்களை அசைத்தாள்.

"யாரும்மா?" என்று மெல்லக் கேட்டாள்.

"தெரியல சாமி."

நுரை போய் நல்ல தண்ணீர் வந்தது, வடிந்தது, மறுபடி வந்தது. பலகை வழியாக என் காலடிக்கு ஒழுகியது. மூன்றாவது முறையும் வந்து வடிந்த பிறகு யாரோ முறுக்கிப் பிழிந்தது போலத் துண்டு சுருங்கி விரிந்தது. அருமைக்காரர் செம்பை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் அவர் சொன்னபடி தண்ணீரை ஊற்றினேன், என் மகள் இன்னொரு வீட்டுக்குப் போனாள்.

அங்கே துவைத்தவள் மூன்று தடவை அலசினாள். நானாக இருந்தால் இரண்டு தடவையோடு விட்டிருப்பேன்.